உள்பக்கம் திறக்கும் ஜன்னல்

...ஆறு அங்குலம், வெறும் ஆறு அங்குலம்தான், ஒரு சாண்கூடத் தேறாது, அதற்குப் போய் இந்தப் பாடா என்று நினைத்தபடி இவர் பார்வைக்கு வைத்திருந்த மாதிரி ஜன்னலைத் தள்ளித் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். கடை நடுவே சுவர் இல்லாமல் நின்ற ஜன்னல் அது, திறந்தால் அந்தப் பக்கம் இன்னொரு ஜன்னல், காற்றும் கிடையாது வெளிச்சமும் கிடையாது. கதவு இரண்டடி அகலம். இவர் கட்டிக்கொண்டிருக்கும் புது வீட்டுச் சுவருக்கும் தம்பி மனையின் எல்லைக்கும் நடுவே ஒன்றரை அடி. வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி போட்டால் தினமும் காலையில் அரை அடி ஜன்னல் அவன் மனைக்குள் போய் நிற்கும், அவன் பார்ப்பான், பார்க்கட்டுமே... ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் என்கிறாள் மனைவி. நாலு வருஷமாகப் பேசாதவனிடம் எடுத்த எடுப்பில் ஜன்னலையா பேசுவது? கோபமாவது மிச்சமிருக்கிறதா என்று உள்ளே தடவிப் பார்த்தார், அதுவும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி, தொட்டால் தொட்டது தெரிகிறது, அவ்வளவுதான்.

"வெளிப்பக்கம் திறக்கறதுதான் சார் நல்லது," என்றார் கடைக்காரர், காதில் பென்சிலோடு. "மழை உள்ள வராது, ரூம்ல இடத்தையும் அடைக்காது." மனைவி முழங்கையால் இடித்தாள். "உள்பக்கம்னா கட்டிலை எங்கங்க போடறது? எந்திரிச்சா உங்க தலையிலதான் இடிக்கும்." இடிக்கட்டும், அப்போதாவது இந்த மண்டையில் ஏதாவது உறைக்கிறதா பார்ப்போம்... சிரிப்பு வரவில்லை. அப்பா விட்டுப்போன மனையைக் கயிறு பிடித்து இரண்டாகப் பிரித்த அன்று, சுண்ணாம்புக் கோடு போடும்போதே பேச்சு முற்றி, பேச்சு என்ன பேச்சு, பேசியதெல்லாம் இவர்தானே, தம்பி வாயே திறக்கவில்லை. உன் நிழல்கூட என் எல்லைக்குள்ள விழக் கூடாதுடா. எவ்வளவு சுலபமாக வந்தது, நாள்கணக்காக வாயில் அடக்கி வைத்திருந்தது போல. அவன் செருப்பில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டிவிட்டுத் தன் பக்கம் போய் நின்றுகொண்டான், பிறகு வீடு கட்டினான், குடிவந்தான். இவர் மனையைப் பார்க்க வரும்போதெல்லாம் அவன் வீட்டின் இந்தப் பக்கத்து ஜன்னல்கள் அடைத்தே கிடக்கும், ஒரு கதவுகூட வெளியே நீட்டிக்கொண்டிருந்து பார்த்ததில்லை, என் மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னு அடைச்சு வச்சிருக்கான் என்று ஊரெல்லாம் சொல்லியாயிற்று.

"உங்க பக்கத்து வீட்டுக்கும் நான்தான் சார் போட்டேன்," கடைக்காரர் பேச்சுவாக்கில் சொன்னார். "மூணு பக்கமும் வெளியே திறக்கும். உங்க பக்கம் மட்டும் உள்ள திறக்கற மாதிரி வேணும்னு ஒரே பிடிவாதம். காலி மனைதானே சார், எதுல இடிக்கப்போகுதுன்னு எவ்வளவோ சொன்னேன், கேக்கல." இவருடைய கை கைப்பிடியிலேயே நின்றுவிட்டது. "அது... எப்பவும் மூடித்தானே இருக்கு?" "யார் சார் சொன்னது? அளவெடுக்க வந்தப்பகூடப் பாத்தேன், பகல்ல திறந்துதான் இருக்கும். வெளிப்பக்கம் கொசுவலை அடிச்சிருக்கறதால உங்களுக்குத் தெரியல."

திறந்துதான் இருந்ததா, இத்தனை நாளும்? மனைவி இவர் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் வீடு கட்டியபோது இவர் பக்கம் ஒரு செங்கல்கூட இல்லை, வெறும் புல், அதன் மேல் ஒரு ஜன்னல் கதவின் நிழல் விழுந்தால் யார் வந்து பார்க்கப் போகிறார்கள்... சொன்ன சொல்லை அப்படியே வைத்திருக்கிறான். வன்மத்தில் வைத்திருக்கிறானா, அண்ணன் சொன்னது என்று வைத்திருக்கிறானா, அவனைக் கேட்டால்தான் தெரியும், கேட்கிற வாயா இது?

"உள்ளயா, வெளியயா சார்? எப்படிக் குறிச்சுக்கறது?" பென்சில் காதிலிருந்து இறங்கிவிட்டது. இவர் வெளியே நீட்டிக்கொண்டிருந்த மாதிரி ஜன்னலைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். அது உள்ளே வரவில்லை, மூடிக்கொண்டது.