ஊதாவாகக் கூடாத கிண்ணம்

1

இந்தக் கதை என்னுடையதல்ல, அக்காவிடம் திருடியது. நேற்று சாயங்காலம் அவள் ஆய்வுக்கூடத்திலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

முதல் தொடக்கம்: "முயல்களின் கண்கள் சிவந்திருந்தன..."

[அடித்துவிட்டேன். முயலைக் காட்டி அழவைப்பது மலிவான வித்தை. தவிர, முயல் கண்ணில் ஷாம்பூ விட்டுச் சோதிக்கும் அந்த வேலையை அக்கா விட்டு எட்டு வருடமாகிறது.]

2

இப்போது அவள் சோதிப்பது மனித உயிரணுக்களிலிருந்து வளர்த்தெடுத்த கருவிழித் தோலை. சட்டைப் பொத்தான் அளவுதான். ஒரு சின்னக் கிண்ணத்தில் இமையும் பார்வையும் இல்லாமல் கிடக்கும். அதன்மேல் ஷாம்பூவையோ சோப்பையோ ஊற்றிக் கழுவிவிட்டு மஞ்சள் சாயம் விடுவாள். உயிருள்ள அணுக்கள் சாயத்தை ஊதாவாக்கும். ஊதா வந்தால் கண்ணுக்கு ஆபத்தில்லை. மஞ்சளாகவே நின்றால் தோல் செத்துவிட்டது.

சில ரசாயனங்கள் கள்ளத்தனமாகத் தாங்களே சாயத்தை ஊதாவாக்கிவிடும். அதைப் பிடிக்க, ஒரு தோலை உறையவைத்துக் கொன்று, அதையும் கூடவே சோதிக்க வேண்டும். அவர்கள் பேச்சில் அதற்குப் பெயர் 'செத்தது'. செத்தது ஊதாவாகக் கூடாது.

(ஓரக்குறிப்பு: கதைக்கும் ஒரு செத்தது வேண்டும். இந்தப் பத்திக்கு உயிர் இருக்கிறதா, வெறும் சாயமா என்று எனக்கே தெரியவில்லை.)

3

"எனக்குக் கொல்ல மனசு வரலடா," என்றாள். "முயல விட்டுட்டு வந்தவ மறுபடியும் கொல்லணுமா? இந்த ஒரு தடவை வேணாம்னு விட்டுட்டேன்."

"எதச் சோதிக்கும்போது விட்ட?"

"குழந்தைங்க ஷாம்பூ. கண்ணு எரியாதுன்னு கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன்."

மனசு உறுத்தி, நேற்று மத்தியானம்தான் செத்ததை வைத்துப் பார்த்திருக்கிறாள்.

"அதுவும் ஊதா. உசுரோட இருந்ததவிட ஒரு துளி குறையல. அப்போ ஊதாவாக்குனது ஷாம்பூதான். நான் பாஸ் பண்ணது மொத்தமும் பொணம். திரும்பி நடந்தேன்டா. முதுகுக்குப் பின்னாடி அது என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு."

"கண்ணே இல்லாதது எப்படிக்கா பாக்கும்?"

"அதத்தான் நானும் சொல்லிக்கிட்டேன். திரும்பிப் பாக்க தைரியம் வரல."

அந்த நொடியே எனக்கு இதை எழுத ஆசை வந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்த ஷாம்பூ கம்பெனி நன்றியாகக் கொடுத்த பாட்டில்களில் ஒன்றை, போன வாரம் என் மகளுக்கென்று கொண்டுவந்திருந்தாள்.

"அது எங்கடா?"

"இன்னும் பிரிக்கலக்கா. தூக்கிப் போட்டுடுறேன்."

மூன்று முறை சத்தியம் வாங்கிக்கொண்டுதான் போனாள்.

4

காலையிலிருந்து முடிவைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அ. அக்கா உண்மையைச் சொல்கிறாள், வேலை போகிறது.

ஆ. அக்கா வாயைத் திறப்பதில்லை. எங்கோ ஒரு குளியலறையில் ஒரு குழந்தை

[இதை முடிக்கவில்லை. உள்ளே தண்ணீர் விழும் சத்தம். என் மனைவி மகளைக் குளிப்பாட்டுகிறாள்.]

இ. அக்கா மறுபடி கிண்ணத்தைத் திறக்கிறாள். அது

"கண்ண மூடிக்கோ செல்லம்."

"வேணாம்மா. இது எரியாதுன்னு அத்தை சொன்னாங்கல்ல?"

பாட்டிலை நான் தூக்கிப் போடவில்லை. கதையின் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடலாமென்று உட்கார்ந்துவிட்டேன்.

எழுந்துவிட்டேன். குளியலறைக் கதவை நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறேன்.

ஓடுகிறவன் எப்படி எழுதுவான் என்று கேட்பீர்கள். என்னைப் பார்க்காதீர்கள், என் கை இன்னும் பேனாவை விடவில்லை; கதவு உங்கள் பக்கம்தான் இருக்கிறது. தட்டுங்கள்.