திரைமேல் ஒரு தண்ணீர் பாட்டில்

செப்டம்பர் 16, 2025. செவ்வாய்.
ஒரு சின்னத் தவறு செய்துவிட்டேன். மேசை விதிகளை எழுதச் சொன்னபோது, 'திரைகளின் மேல் எதையும் வைக்கக் கூடாது. தண்ணீர் பாட்டில்கள் கதவோரத்து அலமாரியில் இருக்க வேண்டும்' என்று நானாகவே ஒரு வரி சேர்த்தேன். யாரையும் கேட்கவில்லை. சின்னத் தவறுதானா என்று இன்று மதியத்திலிருந்து சந்தேகமாக இருக்கிறது.

எழுதிவிட்டுக் கார்குழலி பேனாவை மூடினாள். தண்டையார்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்து மாடியில் மாலை வகுப்பு. மனிதவளப் பட்டயப் படிப்பு. ஆசிரியர் இன்னும் வரவில்லை. பென்சில், ஸ்கேல், அழிப்பான் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தாள். பிறகு ஸ்கேலை மட்டும் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். அவள் சுபாவம் அப்படி.

கிரேன் ஓட்டுகிறவள் என்றால் உச்சியில் ஏறி உட்காருகிறவள் என்றுதான் வியாசர்பாடியில் அவள் குடியிருக்கும் பிளாக்கில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கார்குழலி எதிலும் ஏறுவதில்லை. எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் துறைமுகத்தில், ஏசி போட்ட அறைக்குள் மேசையில் உட்கார்ந்திருப்பாள். மேசைக்கு ஆறு திரை, இரண்டு கைப்பிடி. வெளியே யார்டில் இருக்கும் கிரேன்கள் கன்டெய்னர் பெட்டியைத் தாமாகவே தூக்கிவரும். லாரியின் மேல் இறக்கும்போது, கடைசி ஆள் உயரத்துக்கு மட்டும் மனிதக் கண் வேண்டும். அப்போது மேசையில் மணி அடிக்கும். பெட்டியை இறக்கி வைத்தால் அடுத்த மணி. கப்பல் வந்த நாளில் மணிக்கு ஓய்வே கிடையாது.

அவள் அந்த அறைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. தணிக்கைக்கு ஆள் வரப்போகிறது என்றபோது ஷிப்டுக்குப் பொறுப்பான செல்வநாதன், "நீ நீட்டா எழுதுவே, நீயே எழுதிக் குடும்மா" என்று மேசை விதிகளை அவள் தலையில் கட்டினார். அவளும் பெருமையோடு எழுதினாள். அவர் கையெழுத்துப் போட்டார். சுவரில் ஒட்டினார்கள்.

இந்தச் செவ்வாய்க்கிழமை மதியம், வேலை முடிந்து திரும்பும் கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த ஃப்ளோரன்ஸ் திடீரென்று சொன்னாள்: "நான் திரும்ப கேட்டாண்டயே போறேன். சார் கிட்ட எழுதிக் குடுத்துட்டேன். வெள்ளிக்கிழமை கையெழுத்து போட்டுர்றேன்னாரு."

"இன்னாக்கா சொல்றீங்க? பாஸ் போடுற ஜன்னலுக்கா?"

"ஆமா. அங்க நெனச்சா எழுந்துக்கலாம்."

ராயபுரத்து ஃப்ளோரன்ஸ்தான் அந்த அறையில் கைப்பிடியைத் தொட்ட முதல் பெண். கேட் ஜன்னலில் பாஸ் எழுதிக்கொண்டிருந்தவள், பரீட்சை எழுதி, உன்னால் ஆகாது என்றவர்கள் முன்னால் பெட்டியை முட்டை வைப்பதுபோல் இறக்கிக் காட்டி உள்ளே வந்தவள். கார்குழலிக்குக் கை பிடித்துக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான்.

"டாக்டரு தண்ணி குடி, குடின்றாரு. நீர்க்கடுப்பு தாங்கல. குடிச்சா போவணும். போவணும்னா சார் ஃபோன வெச்சிட்டு நம்ம பக்கம் திரும்பற வரைக்கும் கைய தூக்கினு குந்திகினு இருக்கணும். இன்னா வயசு எனக்கு? ஒண்ணாங்கிளாஸ் புள்ளையா?"

பின் சீட்டிலிருந்து டில்லிபாபு தலையை நீட்டினான். அறையில் ஃப்ளோரன்ஸுக்குப் பக்கத்து மேசை அவனுடையது. "எல்லாம் நம்ம தங்கச்சி புண்ணியம். பாட்டில புடுங்கி அலமாரில வெச்சிட்டா இல்ல!"

"பாட்டிலுக்கும் இதுக்கும் இன்னாண்ணா சம்பந்தம்?"

அவன் அவளை உற்றுப் பார்த்தான். பிறகு ஃப்ளோரன்ஸைப் பார்த்தான். "யக்கா, இதுக்கு நெஜமாவே தெரியாது!"

"மொத மேசைல செவுத்த பாத்து குந்திகினு கீது. எப்படித் தெரியும்?" என்றாள் ஃப்ளோரன்ஸ்.

டில்லிபாபு விளக்கினான். "காதுல ஹெட்ஃபோன் கீது. தெரைலருந்து கண்ண எடுக்கக் கூடாது. அப்பால எப்படி கூப்புடறது? பாட்டில தூக்கி தெர மேல வெச்சா, 'நான் எழுந்துக்கறேன், என் மணிய நீ பாத்துக்கோ'ன்னு அர்த்தம். பக்கத்து ஆளு ஓரக்கண்ணுல பாப்பான். பட்டன அமுக்குவான். அக்காவோட பொட்டி அவன் தெரைக்கு வந்துடும். திரும்பி வந்து பாட்டில எறக்குனா முடிஞ்சிது. யாரும் யாரையும் கெஞ்சத் தேவல. இத்தினி வருஷமா ஷோக்கா ஓடிகினு இருந்துச்சி. நீ வந்தே, பெருக்கித் தள்ளிட்டே!"

கார்குழலி மடியிலிருந்த பையைத் தொட்டுப் பார்த்தாள். தன் பாட்டிலை அவள் எப்போதும் பைக்குள்ளேயே வைத்திருப்பாள். டீ நேரம் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வேலை என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தாள்.

வகுப்பில் அன்றைய பாடம், வேலை மனிதனை எப்படி நோகடிக்கிறது என்பது. ஆசிரியர் மூன்று கேள்விகளைப் பலகையில் எழுதினார். வேலை உன்னிடம் எவ்வளவு கேட்கிறது? அதில் எவ்வளவு உன் கையில் இருக்கிறது? பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? அவரவர் வேலையிடத்தை வைத்துப் பதில் எழுதச் சொன்னார்.

'வேலை அதிகம்' என்று எழுதினாள் கார்குழலி. யோசித்தாள். அடித்தாள். போன மாதமும் இதே கப்பல்கள்தான், இதே மணிகள்தான். ஃப்ளோரன்ஸ் அக்கா அப்போதெல்லாம் டில்லிபாபுவைக் கிண்டல் செய்துகொண்டே இறக்கினாள். மணி மாறவில்லை. எப்போது எழுவது என்பது அவள் கையில் இருந்தது, பக்கத்தில் ஓர் ஆளும் இருந்தான். தன்னுடைய ஒரே வரி இரண்டையும் சேர்த்து அலமாரியில் வைத்துவிட்டது.

இதைக் கண்டுபிடித்ததில் அவளுக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை, ஷிப்டு தொடங்கும் முன்பே செல்வநாதன் முன்னால் போய் நின்றாள்.

"சார், விதில அந்த மூணாவது வரிய, பாட்டில் வரிய, எடுத்துடலாம் சார். தெரியாம எழுதிட்டேன்."

"எழுதினது நீ, கையெழுத்து போட்டது நான். தணிக்கைக்கு வந்தவரு பாத்துட்டு பிரமாதம்னுட்டு போயிருக்காரு. இப்ப எடுக்கணுமா?"

அவள் பாட்டில் விஷயத்தைச் சொல்லத் தொடங்கினாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? பாட்டில் ஏறுறதையும் எறங்குறதையும் பாத்துகினுதான் இருந்தேன். பாக்காத மாதிரி இருந்தேன். உன் வரி வந்ததும் நல்லதாப் போச்சுன்னு வுட்டேன். ஏன் தெரியுமா? இவ குடுத்துட்டேன்னு எழுந்துடுறா. அவன் இன்னும் எடுக்கல. நடுவுல பொட்டி அந்தரத்துல தொங்குது. கீழ லாரிக்குள்ள டிரைவர் குந்திகினு கீறான். நான் உச்சில ஏறி ஓட்டின ஆளும்மா. அந்த டிரைவருக்கு எதுனா ஆச்சின்னா, அவன் வூட்டுக்கு யார் போய் பதில் சொல்றது? பாட்டிலா?"

கார்குழலி "சரி சார்" என்று திரும்பினாள். நியாயமாகத்தானே கேட்கிறார்? நமக்கு என்ன தெரியும் என்று போய் நின்றோம்? பாதி வகுப்புப் படித்துவிட்டு அறையைத் திருத்தக் கிளம்பியாகிவிட்டது.

"வாங்கி கட்டிகினு வந்தியா?" என்று கேன்டீனில் டில்லிபாபு கேட்டான். "முகமே சொல்லுது. வடைய துன்னு, தெம்பு வரும்."

வடையைத் தின்றுகொண்டே அவள் யோசித்தாள். லாரி வந்து நிற்கும்போது என்ன செய்கிறோம்? மைக்கில் "எட்டாம் லேன்" என்கிறோம். டிரைவர் "எட்டாம் லேன்" என்று திருப்பிச் சொல்கிறான். அவன் சொல்லாமல் பெட்டி இறங்காது. அந்தப் பேச்சு முழுக்கப் பதிவும் ஆகிறது. லாரியோடு அப்படிப் பேசத் தெரிந்தவர்களுக்குப் பக்கத்து மேசையோடு பேச முடியாதா?

பாதி வடையோடு எழுந்து ஓடினாள்.

"சார், பாட்டில் கூப்புடறதுக்கு மட்டும். குடுக்குறதும் எடுக்குறதும் மைக்ல. எடுக்குறவங்க பேர சொல்லி 'எடுத்துட்டேன்'னு சொல்லணும். அந்தச் சொல்லு காதுல வுழற வரைக்கும் சீட்டவுட்டு எழுந்துக்கக் கூடாது."

"எடுக்க வேண்டியவன் கைல ஏற்கெனவே பொட்டி தொங்கினா?"

"சொல்ல மாட்டான் சார். அந்தப் பக்கத்து ஆளு சொல்லுவாங்க. யாரும் சொல்லலன்னா பாட்டில் அப்படியே நிக்கும், அவங்களும் அப்படியே இருப்பாங்க. அதுவும் உங்க கண்ணுக்குத் தெரியும்."

செல்வநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"நாளைக்கு ஒரு ஷிப்ட். ஒரு பொட்டி உரசினாலும் பாட்டிலும் கெடையாது, பேச்சும் கெடையாது. ஃப்ளோரன்ஸ் பேப்பர்ல வெள்ளிக்கிழமை கையெழுத்து."

வியாழக்கிழமை பெரிய கப்பல் ஒன்று நின்றது. கார்குழலி சுவரைப் பார்த்த தன் மேசையை விட்டுவிட்டு ஃப்ளோரன்ஸின் இன்னொரு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தானே நிரப்பிக் கொண்டுவந்த பாட்டிலை அவள் முன் வைத்தாள்.

"எனக்கோசரம் நீ ஏன் பேஜாரு பண்ணிக்கிறே?" என்றாள் ஃப்ளோரன்ஸ். ஆனால் மூடியைத் திறந்து பாதியைக் குடித்தாள்.

மணிகள் தொடங்கின. வெகுநேரம் யாரும் எதுவும் வைக்கவில்லை. அறை முழுக்க அதற்காகவே காத்திருப்பதுபோல் இருந்தது. பிறகு கார்குழலியின் கண்ணோரத்தில் நீல மூடி ஒன்று உயர்ந்து திரைமேல் நின்றது.

"ஃப்ளோரன்ஸ் தர்றேன்."

டில்லிபாபு எடுப்பான் என்று கார்குழலி காத்திருந்தாள். அவன் திரையில் ஒரு பெட்டி பாதியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் வாயைத் திறக்கவில்லை. திறக்கக் கூடாது, விதி அதுதான், அவளே சொன்ன விதி. அப்படியானால் சொல்ல வேண்டியது அவள். அவள் கையிலிருந்த பெட்டி அப்போதுதான் லாரியில் உட்கார்ந்திருந்தது. வேறு சாக்கு இல்லை.

"குழலி எடுத்துட்டேன்."

நாற்காலி நகரும் ஓசை கேட்டது. இரண்டு மேசையின் மணிகளும் அவளுக்கே அடித்தன. முதல் பெட்டி சரியாக இறங்கியது. இரண்டாவதில் லாரி கோணலாக நின்றிருந்தது. கை தானாகவே இறக்கப் பார்த்தது. அவள் நிறுத்தினாள். பெட்டி அந்தரத்தில் நின்றது. செல்வநாதன் ஃபோனை வைத்துவிட்டு எழுந்து நின்றதை அவள் பார்க்கவில்லை.

"அண்ணா, கொஞ்சம் முன்னாடி எடுத்து நேரா வாங்க."

"நேராத்தாம்மா நிக்கிறேன்!"

"பின்சக்கரம் கோட்டுமேல கீது. நீங்க வந்தாத்தான் எறக்குவேன். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

அவசரம் நிறையவே இருந்தது. ஆனால் குரலில் அது வரவில்லை, அவளுக்கே ஆச்சரியம். லாரி முனகிக்கொண்டே முன்னால் போய் நேராகத் திரும்பி வந்தது. அவள் கைப்பிடியை மெல்லத் தள்ளினாள். பெட்டியின் நாலு மூலையும் லாரியின் பூட்டுகளில் உட்கார்ந்தன. டிரைவர், "கரீட்டும்மா" என்று போய்விட்டான்.

பாட்டில் கீழே இறங்கியது. "ஃப்ளோரன்ஸ் எடுத்துட்டேன்." முகம் கழுவிய ஈரத்தோடு அவள் உட்கார்ந்திருந்தாள்.

அதன்பின் அறை தன் வழக்கத்துக்குத் திரும்பியது. இங்கொரு மூடி ஏறும், அங்கொரு மூடி இறங்கும். ஒரு பெட்டியும் உரசவில்லை. டீ நேரத்துக்கு இன்னும் வெகுநேரம் இருந்தபோது, கார்குழலி பையிலிருந்து தன் பாட்டிலை எடுத்தாள். தயங்கினாள். திரைமேல் வைத்தாள்.

"குழலி தர்றேன்."

"ஃப்ளோரன்ஸ் எடுத்துட்டேன். இத்தினி நாளா எங்கடி வெச்சிருந்தே? ஓடு!"

பதிவாகிற மைக்கிலேயே எல்லோரும் சிரித்தார்கள். செல்வநாதன் அதட்டுவதுபோல் இருமினார்.

ஷிப்டு முடிந்ததும் ஃப்ளோரன்ஸ் அவர் மேசைக்குப் போனாள். "சார், அந்தப் பேப்பரு வேணாம் சார்."

"கிழிச்சிடவா?"

"ஏன் கிழிக்கணும்? பின்பக்கம் வெள்ளையாத்தான கீது. குழலிக்குக் குடுங்க. விதிய திருத்தி எழுதட்டும்."

"இந்தவாட்டி எங்கள கேட்டுட்டு எழுதும்மா தாயே" என்றான் டில்லிபாபு.

மாலை வகுப்பில் கார்குழலி அந்தத் தாளை நாலாக மடித்து டைரிக்குள் வைத்துவிட்டு, தேதி போட்டு எழுதினாள்:

செப்டம்பர் 18. வியாழன். ஃப்ளோரன்ஸ் அக்கா கிரேனிலேயே இருக்கிறாள்.
நாளை: மூன்றாம் வரியை எடுத்துவிட்டு, பாட்டில், மைக், 'எடுத்துட்டேன்' மூன்றையும் எழுதி, அறையில் எல்லோரிடமும் படித்துக் காட்டி, அதன்பிறகு செல்வநாதன் சாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்.