நாற்காலிக்குப் போகும் வழி

அந்த அரசு ஆஸ்பத்திரியின் முதியோர் வார்டில், எழுந்திருக்காமல் படுத்திருப்பவரின் கட்டிலுக்கும் அதன் பக்கத்து நாற்காலிக்கும் நடுவே தூரம் வளரும். முதல் நாள் மூன்றே எட்டு. இரண்டு நாள் எழாவிட்டால் ஒரு தெரு வந்துவிடும். ஒரு வாரம் போனால் வயலும் வாய்க்காலும். ஊசி போடுகிற பக்கம் மட்டும் நீளாது. அதற்கு அரசாணை இருக்கிறது.

நாச்சிமுத்து இடுப்பெலும்பு முறிந்து வந்து இருபத்தொரு நாள் ஆகிறது. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எலும்பைத் தகடு வைத்துப் பொருத்தியாயிற்று, தாராளமாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாச்சிமுத்துதான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நாற்காலி இப்போது நாலு கிலோமீட்டரில் இருந்தது.

தினமும் நாலு மணிக்கு அவர் மனைவி ராமாயாள் வந்து அந்த நாற்காலியில் உட்காருவாள். பார்வை நேரம் ஒரு மணி நேரம்தான். கட்டில்வரை நடந்து திரும்ப நேரம் பத்தாது. எனவே ரசஞ்சோற்றைத் தூக்குப்போசியில் போட்டு, நடுவே ஓடுகிற டவுன் பஸ்ஸில் ஏற்றி அனுப்புவாள். பார்வையாளர்களை அதில் ஏற்றுவதில்லை. அது ஆறிப்போய் வந்து சேரும். அவள் முகத்தை அவர் பார்த்துப் பத்து நாளாயிற்று.

படுத்திருப்பவர்களை எழுப்பி நடக்கவைப்பது பாப்பாத்தியின் வேலை. நாளை விடிந்தால் நாச்சிமுத்துவின் நாற்காலி மாவட்ட எல்லையைத் தாண்டிவிடும். அங்கே அவளுக்கு டூட்டி கிடையாது. அப்புறம் அந்த மனுஷர் சுவரைப் பார்த்தபடியே கிடக்க வேண்டியதுதான். அதை நினைக்க அவளுக்கு மனசு கேட்கவில்லை. கோபமும் வந்தது. காலைக் கஞ்சி முடிந்ததும் போய் நின்றாள்.

"எந்திரிங்கய்யா, போலாம்."

"எந்திரிச்சு என்னத்தப் பண்றது அம்மிணி?"

"ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க. காலத் தொங்கப் போட்டுச் சும்மா உக்காருங்க."

உட்கார்ந்தார். தலை சுற்றியது. சுற்றி முடிக்கட்டும் என்று பாப்பாத்தி காத்திருந்தாள். இடுப்பில் ஒரு துண்டைக் கட்டிப் பின்னால் பிடித்துக்கொண்டு, கையில் வாக்கரைக் கொடுத்தாள். ஆறு டைல்ஸ் தாண்டியதும் தார் ரோடு ஆரம்பித்தது.

ஒரு பர்லாங்கு போவதற்குள் நாச்சிமுத்து நாலு தடவை திரும்பிப் போகலாம் என்றார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, இனி நகர மாட்டேன் என்று அடம்பிடித்தார். மணிக்கட்டில் இருந்த ஆஸ்பத்திரி அடையாளப் பட்டையைப் பார்த்த கடைக்காரர், சுகர் உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் டீ போட்டார். பாப்பாத்தி கெஞ்சவில்லை. எதிரே இருந்த மின்கம்பத்தைக் காட்டி, "அதென்னங்க, கோணலா நிக்குது?" என்றாள்.

நாச்சிமுத்து பார்த்தார். எழுந்து வாக்கரோடு கம்பத்தடிக்கே போய்விட்டார்.

"எந்தப் பய நட்டான் இத? சாயாம இழுத்துப் புடிக்க ஸ்டே கம்பியே கட்டல பாரு!"

பத்து நாளில் அவர் போட்ட முதல் சத்தம் அது. பாப்பாத்திக்கு உள்ளுக்குள் அத்தனை சந்தோஷம். வெளியே காட்டிக்கொள்ளாமல், "அடுத்தது சரியா இருக்குதுங்களா?" என்று மட்டும் கேட்டாள். அடுத்ததும் சரியில்லை. அதற்கடுத்ததில் மின்கம்பியைத் தாங்கும் பீங்கான் விரிசல் விட்டிருந்தது. இப்படியே திட்டித் திட்டி மூன்று கிலோமீட்டர் நடந்துவிட்டார் மனுஷர்.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ராமாயாள் தெரிந்தாள். அவரைப் பார்த்துவிட்டாள். ஆனாலும் எழுந்து ஓடி வரவில்லை. எழுந்தால் வேறு யாராவது நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். இரண்டு கைகளாலும் அதை இறுகப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

"ஏனுங்க, வர்றதுக்கு இத்தன நாளா?"

"வழியெல்லாம் கம்பம் சாஞ்சு கெடக்குது புள்ள" என்று சொல்லிவிட்டு, அவள் பக்கத்தில் நின்று அவள் தலையில் கை வைத்தார்.

பார்வை நேரம் முடிந்ததென்று விசில் ஊதிக்கொண்டு வாட்ச்மேன் வந்தார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல நோயாளி யாருங்க?"

ஒருவர் புழுதிக்காலோடு வெயிலில் கறுத்து நின்றார். இன்னொருவர் மூன்று வாரமாகத் தூங்காத கண்களோடு உட்கார்ந்திருந்தார். நடந்து வந்தவர் பார்வையாளர், உட்கார்ந்திருப்பவர் நோயாளி என்று வாட்ச்மேன் முடிவு செய்து, நாச்சிமுத்துவின் கையிலிருந்த அடையாளப் பட்டையைக் கழற்றி ராமாயாளின் மணிக்கட்டுக்கு மாற்றினார். பாப்பாத்திக்கும் அது நியாயமாகவே பட்டது. நடந்து முடித்துவிட்டதால் கட்டில் பழையபடி மூன்று எட்டில் இருந்தது. ராமாயாளைக் கைத்தாங்கலாக அழைத்துப் போய்ப் படுக்கவைத்தாள். தலையணையில் தலை படுவதற்குள் அவள் தூங்கிப்போனாள்.

நாச்சிமுத்து போர்வையை இழுத்து அவள் காலை மூடினார்.

"ரண்டு நாளைக்கு அவள எழுப்பாதீங்க அம்மிணி. நல்லாத் தூங்கட்டும்."

"ரண்டு நாளுன்னா நடுவுல ஒரு தெரு வந்துருமுங்களே."

"ஒரு தெருதானே? நான் நடந்து வந்தர்றேன்."

ராமாயாளின் செருப்பை மாட்டிக்கொண்டு, மற்ற பார்வையாளர்களோடு அவர் வெளியே போனார்.