பள்ளத்து லயம்

செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எதிரெதிரே, கூலிகள் குடியிருக்கும் வரிசை வீடுகளாய் இரண்டு லயங்கள், நடுவில் அகலமான வாசல். கல்யாணம், கருமாதி, பிள்ளைகளின் ஆட்டம், பெண்களின் சண்டை, சமாதானம் எல்லாம் அங்கேதான். ரப்பர் விலை ஏறிய வருஷம் தோட்டத்துத் தொரை கடல் தாண்டித் தமிழ் ஊர்களிலிருந்து நிறைய ஆள் எடுத்தார். அந்த வாசலிலேயே புது லயம் எழும்பப்போகிறது என்று கங்காணி உடையப்பன் வந்து சொன்னார்.

பாலுக்கு ரப்பர் மரம் வெட்டும் நல்லம்மாள்தான் முதலில் எழுந்தாள். “வாசலும் போச்சுன்னா நாங்க எங்க மூச்சு விடுறது? பள்ளத்துல எடம் சும்மாத்தானே கெடக்கு?”

“அது சதுப்பும்மா. ஒரே கொசு.”

“தண்ணிய வடிச்சா காஞ்சிரும் கங்காணியாரே.”

மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டு தொரை ஆபீசு முன்னால் போய் நின்றார்கள். தொரை தலையாட்டிவிட்டார். அன்றைக்கு வாசலில் பொங்கல் வைத்துச் சாப்பிட்டார்கள். புது லயம் பள்ளத்தில் எழும்பியது.

புது ஆட்களோடு நல்லம்மாளின் தங்கை பாப்பாவும் வந்தாள், புருஷன் சீனியோடும் கைப்பிள்ளையோடும். நல்லம்மாள்தான் கங்காணியைக் கெஞ்சி வரவழைத்திருந்தாள். தங்கைக்காகத் தன் பக்கத்துக் காலி வீட்டைக் கேட்டாள். “புதுசா வந்தவங்களுக்குப் பள்ளத்து லயந்தான். நீ கேட்டதுதானே?” என்றார் உடையப்பன். தன் வீட்டிலேயே இருக்கச் சொன்னாள். பெண்டாட்டியின் அக்கா வீட்டில் ஒண்டிக்கிடக்க சீனிக்கு மனசு வரவில்லை.

மழை பிடித்ததும் பள்ளத்தில் வீட்டுக்கு வீடு குளிர்க்காய்ச்சல். பாப்பாவின் பிள்ளை நல்லம்மாளின் மடியில்தான் அடங்கியது.

புதைத்துவிட்டு வந்து பாப்பா கேட்டாள். “வாசல்ல கட்ட வேணாம்னு நீதான் சொன்னியாமே அக்கா?”

“ஒன்னய அங்க போடுவாங்கன்னு எனக்குத் தெரியாதுடி.”

“வேற யாரு புள்ளயாச்சும் இருந்தா பரவால்லையா?”

மறுநாள் நல்லம்மாள் தனியாக ஆபீசுக்குப் போய், வாசலிலேயே கட்டும்படி கும்பிட்டுக் கேட்டாள். தொரை இசைவதற்குள் பள்ளத்தில் இன்னும் சிலரும் செத்துப்போனார்கள். கடைசியில் வாசலில் லயம் எழுந்தது. மிஞ்சியவர்கள் மேலே வந்தார்கள். பாப்பாவும் சீனியும் வரவில்லை. தோட்டத்தை விட்டே போய்விட்டார்கள்.

ஈப்போவில், ஈயம் தோண்டும் லம்பத்துக்குப் பக்கத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டு நல்லம்மாள் தேடிப் போனாள். பாப்பா கதவைத் திறந்தாள். பேசத் தெரிந்த நாளிலிருந்து அக்காவை நீ, வா என்றே கூப்பிட்டவள்.

“வாங்க,” என்று பாயை விரித்தாள். காப்பியை முன்னால் வைத்தாள். “குடிங்க.”