கரெண்ட் போன பிறகும் ஓடிய வைஃபை

என் கொழுந்தனைப் போல ஜாக்கிரதையான ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஏடிஎம்மில் நம்பர் அடிக்கும்போது முதுகை வளைத்து மெஷினையே கட்டிப்பிடித்துக்கொள்வான். பின்னால் நிற்பவர்கள் ஏதோ பாசம் பொங்குகிறது என்று நினைப்பார்கள். அப்படிப்பட்டவன்தான் அன்றைக்கு என் சலவைக் கடையில் உட்கார்ந்துகொண்டு, மொத்தச் சேமிப்பையும் முகம் தெரியாத ஒருத்தனுக்குத் தாரை வார்க்க இருந்தான்.

அவன் மனைவி, அதாவது என் ஓரகத்தி, வாடகை வேனில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். அந்த வேனுக்குச் சொந்தக்காரன் வாய் இருக்கிறதே, அதைக் கழுவ என் கடையில் இருக்கிற சோப்புத்தூள் மொத்தமும் போதாது. ஒரு கீறல் விழுந்தாலும் தெருவில் நிற்கவைத்துத் திட்டுவான். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். சொந்த வேன் வாங்கியே தீருவது என்று இருவரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததையெல்லாம் கொழுந்தன் கிரிப்டோவில் போட்டு, போனில் ஒரு வாலட்டுக்குள் வைத்திருந்தான். நல்லவேளை, அது ஏறியும் இருந்தது. பழைய வேன் ஒன்று அமைந்தது. விற்கிறவர், "கிரிப்டோவாவே குடுத்துடுங்க" என்றார். அன்றைக்கு ஓரகத்தி அவரோடு வண்டியை ஓட்டிப் பார்க்கப் போயிருந்தாள். பிடித்திருந்தால் அப்படியே என் கடைக்கு ஓட்டி வருவாள், இவன் அனுப்ப வேண்டும்.

"அதுக்கு இங்க எதுக்கு வந்தே? வீட்ல இருந்தே அனுப்பலாமே" என்றேன்.

"டேட்டா தீர்ந்துபோச்சு அண்ணி. நம்ம கடை வைஃபை இருக்கறப்ப எதுக்குத் தண்டமா இன்னொரு பேக் போடணும்?"

கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா. கடையில் நல்ல கூட்டம். இத்தனை பேர் கண்ணுக்கு முன்னால் வாலட்டைத் திறக்க மாட்டேன் என்று அடம் பிடித்தான். உலர்த்தும் மெஷின்களுக்குப் பின்னால், கடைசி மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டான். மடித்து வைத்திருந்த யாரோ ஒருவருடைய பெட்ஷீட்டை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டான். பார்க்கிறவர்கள் ஆவி பிடிக்கிறான் என்றுதான் நினைத்திருப்பார்கள். எனக்கு மானம் போனது.

கொஞ்ச நேரத்தில் பெட்ஷீட் பேசியது. "அண்ணி, பாஸ்வேர்டை எடுத்துட்டீங்க போல. கேக்காமலே கனெக்ட் ஆயிடுச்சு."

நான் அப்போது ஒரு நர்ஸம்மாவோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன். ஒற்றைக் காலுறையைக் காணோமாம், நான்தான் முழுங்கிவிட்டேனாம். அந்த எரிச்சலில் அவன் சொன்னதற்கு "உம்" கொட்டிவிட்டேன். அதே எரிச்சலில் எல்லா மெஷின்களும் ஓடும்போதே இஸ்திரிப் பெட்டியையும் போட்டுவிட்டேன். டப்பென்று மொத்தக் கடையும் நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"மறுபடியும் ஃபியூஸா அண்ணி?" என்றது பெட்ஷீட். "பரவால்ல, வைஃபை மட்டும் ஜம்முனு ஓடுது."

மெயின் சுவிட்சுக்குப் போன என் கை அப்படியே நின்றது. அலமாரி மேலே இருக்கும் என் வைஃபை பெட்டியைப் பார்த்தேன். ஒரு விளக்குகூட எரியவில்லை. செத்துக் கிடந்தது. பாஸ்வேர்டையும் நான் எடுக்கவே இல்லை.

ஓடிப்போய்ப் பெட்ஷீட்டை உருவினேன்.

"ஐயோ, யாராவது பாத்துடப் போறாங்க அண்ணி."

"பாத்துட்டுத்தான் இருக்கான். என் வைஃபை செத்துப்போச்சு. நீ யாரோட வைஃபைல இருக்கே?"

திரையில் என் கடையின் பெயர் பளிச்சென்று இருந்தது. எவனோ அதே பெயரில் போலி வைஃபை விரித்திருந்தான். அதன் கீழே அவனுடைய வாலட்டின் படம். புது இடத்திலிருந்து வந்திருக்கிறீர்கள், பாதுகாப்புக்காக உங்கள் பன்னிரண்டு சொற்களையும் மறுபடி தரவும் என்று தேன் தடவிக் கேட்டிருந்தது. அந்தப் பன்னிரண்டு சொற்கள்தான் வாலட்டின் சாவி. அவை எவன் கையில் இருக்கின்றனவோ, பணமும் அவனுடையது. இதை எனக்குச் சொல்லிச் சொல்லிக் காதைப் புண்ணாக்கியவனே இவன்தான்.

"எத்தனை போட்டே?"

"பதினொண்ணு." அவன் முகம் வெளுத்துவிட்டது. "ஆனா பட்டனை இன்னும் அழுத்தலையே அண்ணி."

"நீ அடிக்க அடிக்கவே அது போய்ச் சேர்ந்திருந்தா? மிச்சம் ஒரு சொல்லுதானே, அதை அவனால கண்டுபிடிக்க முடியாதா?"

"கம்ப்யூட்டர் வெச்சிருந்தா முடியும்" என்றான்.

அந்த வேன்காரன் முன்னால் அவள் மறுபடி போய்ச் சாவிக்குக் கை நீட்டுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவன் போனை அந்தப் போலி வைஃபையிலிருந்து துண்டித்தேன். என் போனின் டேட்டாவை அவனுக்குப் பகிர்ந்துவிட்டேன். "என் போன்ல புதுசா ஒரு வாலட் போடு. எல்லாத்தையும் அதுக்கு மாத்து. அழறதெல்லாம் அப்புறம்."

புது வாலட் புதிதாகப் பன்னிரண்டு சொற்களைக் கொடுத்தது. போட்டோ எடுக்கப் போனவன் தலையில் ஒரு குட்டு வைத்து, துணிக்குக் குறி போடும் பேனாவால் என் முழங்கைக்கு மேலே எழுதிக்கொண்டு சட்டைக் கையை இறக்கிவிட்டேன். கட்டணத்துக்குக் கொஞ்சம் விட்டுவிட்டு மீதியை அனுப்பினான். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. நர்ஸம்மாவும் காலுறையை மறந்துவிட்டு எங்கள் பக்கத்தில் வந்து நின்றாள். ஒருவழியாக, வந்து சேர்ந்தது என்று என் போன் சொன்னது.

மூச்சு விடுவதற்குள் கொழுந்தன் தன் போனை என் பக்கம் திருப்பினான். கட்டணம் போக மிஞ்சியிருந்த சில்லறை எங்கள் கண் முன்னாலேயே காணாமல் போனது. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அந்த மூலைக்கு அடுத்த பெஞ்சில் லேப்டாப்போடு இருந்த நெட்டையன் ஒருத்தன் எழுந்து கதவுப் பக்கம் நடந்தான்.

"தம்பி, துணி?" என்றேன்.

"அப்புறம் வந்து எடுத்துக்கறேன்" என்று திரும்பிப் பார்க்காமல் போனான். அவனுக்கு வேறு வழியில்லை. கரெண்ட் இல்லாவிட்டால் என் மெஷின்களின் கதவு திறக்காது. அவன் தெருவைத் தாண்டியதும், கொழுந்தனின் போனில் வைஃபை பட்டியலில் இருந்த என் கடைப் பெயரும் மறைந்தது. நான் மெயினைப் போட்டேன். நெட்டையனின் மெஷினைத் திறந்தால் மூன்று சட்டைகள், மூன்றின் பையிலும் அவன் வேலை செய்கிற கம்பெனியின் பெயர் அழகாகத் தைத்திருந்தது. மூளை இருந்து என்ன பயன்.

வாசலில் ஹாரன் கேட்டது.

"அவகிட்ட சொல்லிடாதீங்க அண்ணி."

"நான் ஏன் சொல்றேன்? நீயே சொல்லு."

சொன்னான். டேட்டா பேக்கிலிருந்து பெட்ஷீட் வரை ஒன்றையும் விடவில்லை. வண்டியை விற்கிறவர் பாவம், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரகத்தி என் கையில் இருந்த போனைப் பார்த்தாள்.

"எல்லாமே இப்ப உங்க போன்லயா அக்கா இருக்கு?"

"ஆமா, முழுசா. ஓடிப்போயிடட்டுமா?"

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "வண்டி நல்லா இருக்கு. நீங்களே அனுப்புங்க" என்றாள். நான் அனுப்பினேன். விற்கிறவர் தன் போனைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுச் சாவியை அவள் கையில் கொடுத்தார். அவள் அதைக் கொஞ்ச நேரம் மூடிய கைக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

கடையைப் பார்த்துக்கொள்ள நர்ஸம்மா ஒத்துக்கொண்டாள். நான் சட்டைகளை ஒரு பையில் திணித்து எடுத்துவந்தேன். போலீஸ் ஸ்டேஷன் பக்கம்தான்.

கொழுந்தன் முன் கதவைத் திறந்து ஏறப் போனான்.

"அங்க அக்கா உக்காரட்டும்" என்றாள் ஓரகத்தி. "நீங்க பின்னாடி ஏறுங்க, அந்த ஈரத் துணியோட."

"அது நியாயமா?" என்றான்.

"என் வண்டி," என்றாள் அவள், "நான் சொல்றதுதான்."