மடத்துக்குப் போகும் சுரங்கம்

எங்கள் சந்தைச் சதுக்கத்தின் மூலை வீட்டுக்கு உண்மையான முகம் எது என்று கேட்டால் அதைக் கட்டியவனே எழுந்து வந்தாலும் திணறுவான். தெருப்பக்கம் சாந்தில் செய்த சிங்கத் தலைகள். பணம் வந்த புதிதில் ஒரு தானிய வியாபாரி வைத்தவை. சிங்கங்களுக்குக் கீழே, உலகப் போருக்குப் பிறகு கூட்டுறவுக் கடைக்காரர்கள் சுவரை வெட்டி நுழைத்த பெரிய கண்ணாடி. உச்சியில் இத்தாலியக் கொத்தர்களின் பூ வேலைச் சுவர், அதன் பின்னால் ஒளிந்து நிற்கும் தகரக் கூரை. பழைய பாவாடையைக் கழற்றாமலே புதியதை மேலே மேலே கட்டிக்கொண்ட ஒருத்தியைப் போல நிற்கும் அந்த வீடு. அடியில் இருக்கும் கல் நிலவறையை மட்டும் யாரும் தொடவில்லை.

நிலவறை காயெதானின் ராஜ்ஜியம். மேல்மாடியில் குடியிருப்பவர், சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். வேறெங்கே வாயைத் திறந்தாலும் அவரைப் பேசி முடிக்க யாரும் விடுவதில்லை. சொந்த மகளே பாதியில் போனை வைத்துவிடுவாள். (எங்கள் வீடுகளுக்கு நடுவில் ஒரே சுவர். அவர் ‘ஹலோ, ஹலோ’ என்பது காதில் விழுந்தால் நான் என்ன செய்ய?) ஆனால் நிலவறைக் கோடியில், செங்கல் வைத்து அடைத்த வளைவின் முன் நின்று, “குதிரப்படையோட தாத்தாரியர் கொள்ளையடிக்க வந்தப்போ துறவிங்க இந்தச் சுரங்கத்துல புகுந்து, ஆத்துக்கு அடியிலயே நடந்து, அக்கரை மடத்துக்குப் போனாங்க” என்று அவர் ஆரம்பித்தால் இருமக்கூட ஆள் இருக்காது. பள்ளிப் பிள்ளைகள், கல்யாணக் கோஷ்டிகள், பாதிரியார்கள், எல்லாரும் வாய் பிளந்து கேட்டவர்கள்தான்.

இந்த வசந்தத்தில் வீட்டை ஹல்ஷ்கா வாங்கினாள். நிலவறையில் ஒயின் கடை போடப் போகிறாளாம். கொத்தனார் ப்ரோனெக் வளைவைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். செங்கல் வயிறு தள்ளிவிட்டது, பிரித்து மறுபடி கட்டியாக வேண்டும் என்றான்.

காயெதான் வளைவுக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றார்.

“அதைத் தொடாதீங்கம்மா. உள்ள விஷக்காத்து இருக்கும்.”

“முகமூடி போட்டுக்குவாரு பெரியவரே.”

“ஆத்துத் தண்ணி வந்துட்டா?”

சதுக்கத்தில் ஊறுகாய் முட்டைக்கோஸ் விற்கும் கெனோவேபா விட்டாளா? “தண்ணி வந்தா நல்லதுதானே காயெதான்! கூடவே ரெண்டு துறவியும் மெதந்து வருவாங்க. இத்தன வருஷமா நீ கூப்புட்டுக்கிட்டே இருக்கியே!”

அந்தச் சுவருக்குப் பின்னால் சுரங்கம் இல்லையென்றால் காயெதான் பேச்சைக் கேட்க ஊரில் ஓர் இடமும் மிஞ்சாது. அது எங்களுக்கும் தெரியும். தெரிந்தேதான் சனிக்கிழமை பாதிச் சதுக்கம் நிலவறைக்குள் இறங்கியது. நான் கசகசா கேக் எடுத்துப் போனேன். வெறுங்கையோடு போனால் வேடிக்கை பார்க்க வந்ததாக நினைத்துவிடுவார்கள்.

ப்ரோனெக் ஒவ்வொரு செங்கல்லாக உருவினான். பின்னால் இருட்டு இல்லை. காற்று இல்லை. வளைவு முழுக்கக் கெட்டியான மண்.

முதலில் சிரித்தது கெனோவேபா. பிறகு எல்லாரும். நானும் சிரித்தேன், கேக் வாயில் இருந்ததால் கொஞ்சம் தாமதமாக.

“எங்கய்யா உன் சுரங்கம்?” என்றாள் கெனோவேபா.

காயெதான் தொப்பியைக் கழற்றினார். “இல்ல. எங்கப்பா சொன்னாரு, நான் சொன்னேன். ஆத்தையும் தாத்தாரியரையும் நானா சேத்துக்கிட்டேன்.” சொல்லிவிட்டுப் படிப்பக்கம் திரும்பினார்.

அப்போது ப்ரோனெக் தூரிகையால் வளைவின் அடிப்பகுதியைத் துடைத்தான். நீளமான ஒரு கல் வெளிப்பட்டது. இரண்டு ஓரத்திலும் இரும்புக் கம்பி நின்ற துளைகள், கதவு பொருந்தும் வரிப்பள்ளம். நடுவில் கல் தேய்ந்து குழிந்து, எண்ணெய் தடவியதைப் போல வழவழப்பாக இருந்தது. என் சமையலறைச் சன்னல் கட்டை இதே இடத்தில்தான் தேய்ந்திருக்கிறது. எனக்கா தெரியாது?

“இது சன்னல்” என்றேன்.

“பூமிக்கு அடியில எவன் சன்னல் வைப்பான்?” என்றாள் ஹல்ஷ்கா.

ப்ரோனெக் கல்லுக்கு அப்பால் கைகளை விட்டு மண்ணைத் தோண்டினான். கல்லுக்குக் கீழே, வெளிப்பக்கம், கறுத்துப்போன பலகைகள் நெருக்கமாக அடுக்கியிருந்தன. பழைய மரத் தெரு. அதன்மேல் சாணமும் வைக்கோலும். அதன்மேல் சாம்பல். அதன்மேல் மறுபடி பலகை, மறுபடி சாம்பல். ஊர் எரிய எரிய, எரிந்ததையே மிதித்துப் பலகை போட்டு நடந்திருக்கிறார்கள். தெரு ஏறிக்கொண்டே வந்தது. சன்னல் இருந்த இடத்திலேயே இருந்து மூழ்கிவிட்டது.

தலைக்கு மேலே ஒரு லாரி போனது. அது வேறொரு ஊரில் போவது போலிருந்தது. நாங்கள் நின்றிருந்தது நிலவறை இல்லை, தெருவைப் பார்த்த யாரோ ஒருவரின் கடை. தரைத்தளம் என்று நாங்கள் சொல்வதெல்லாம் அவர்களுக்கு மாடி. கேக்கைக் கீழே வைத்துவிட்டேன்.

காயெதான் பாதிப் படியிலிருந்து இறங்கி வந்தார். வழி விட்டோம். இரண்டு முழங்கைகளையும் கல்லின் குழியில் வைத்தார். அளவெடுத்தது போல உட்கார்ந்தன. மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கெனோவேபாவால் எவ்வளவு நேரம் சும்மா இருக்க முடியும்? “என்னய்யா தெரியுது?” என்றாள். வழக்கமான குரலில் பாதிதான் இருந்தது.

“சந்தை நாளு. சேறு. பலகை மேல ஒருத்தன் பன்னியை ஓட்டிட்டுப் போறான். பின்னாடியே ஒரு பொம்பள, உன்ன மாதிரியே இடுப்புல கைய வச்சிக்கிட்டு, அவனத் திட்டிக்கிட்டே போறா.”

ஒருவரும் இருமவில்லை.

“நவுருய்யா” என்றாள் கெனோவேபா. “அவ யாருன்னு நானும் பாக்கறேன்.”

அவள் கல்லில் சாய்ந்தாள். ஹல்ஷ்கா அவளுக்குப் பின்னால் நின்றாள், ஹல்ஷ்காவுக்குப் பின்னால் நான். காயெதான் பக்கத்தில் நின்று, மெதுவாக, அந்தப் பலகைத் தெருவில் அடுத்து யார் வருகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.