ஆமென் சொன்ன வாய்

சித்தூரில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் பாடி கட்டுகிறவர்களில் ஞானசிங்குக்கு நல்ல பேர். தகரம் அவர் சொன்ன பேச்சைக் கேட்கும். வீட்டிலும் எல்லாரும் தகரம் போலவே வளையவேண்டும் என்று நினைத்தாரே, அங்கேதான் மனுஷன் கெட்டார்.

பள்ளிக்கூடம் ஒன்று கழித்துவிட்ட பழைய வேனை வாங்கினார். சீட்டுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு கட்டில், கேஸ் அடுப்பு, பாத்திரம் கழுவத் தொட்டி, ஜன்னலுக்கெல்லாம் கொசுவலை என்று ஒரு குட்டி வீட்டையே உள்ளே இறக்கிவிட்டார்.

"கடலோரமா ஒரு வாரம் சுத்திக்கினு வரலாம், வரியா தபீதா?"

ரெண்டு வருஷமாக எதைக் கேட்டாலும் "உம்" என்பதைத் தாண்டாத தபீதாள், அன்றைக்குத் தலையை நிமிர்த்தினாள்.

"சூளூர்பேட்டை வழியாத்தான?"

சூளூர்பேட்டையில்தான் அவர்கள் ஒரே மகள் ஹன்னா இருக்கிறாள். பரணி என்கிற இந்துப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போனவள். இப்போது கையில் ஒரு பெண் குழந்தை. அந்தக் குழந்தையின் முகத்தைத் தபீதாள் போனில்தான் பார்த்திருக்கிறாள்.

ஏன் போய்ப் பார்க்கவில்லை? அது பெரிய கொடுமை. கல்யாணச் செய்தி வந்த அன்று சாயங்காலம், வழக்கம்போலக் குடும்ப ஜெபத்தில் முழங்கால் போட்டார்கள். ஞானசிங் ஜெபிக்க ஆரம்பித்தால் சீக்கிரம் முடிக்கமாட்டார். ஊருக்கு மழை, சபைக்குச் சமாதானம், ஆஸ்பத்திரியில் இருக்கிறவர்களுக்குச் சுகம் என்று கேட்டுக்கொண்டே போனவர், நடுவில் ஒன்றைச் சொருகினார்: "கர்த்தாவே, இந்த வீட்டார் ஒருவரும் அந்த வீட்டு வாசலை மிதியாதபடிக்குக் காத்துக்கொள்ளும்." முந்தானையில் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டிருந்த தபீதாள் முடிவில் "ஆமென்" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து வந்த பழக்கம், புருஷன் ஜெபம் முடிந்தால் வாய் தானாகச் சொல்லிவிடும்.

மறுநாள் அவள் பையைத் தூக்கியபோது அவர் வாசலில் நின்றார்.

"நேத்து ஆமென் சொன்னது யாரு, நானா? ஆண்டவர் முன்னாடி சொன்ன வார்த்தைய முழுங்கிட்டுப் போவப்போறியா?"

வேறு வீடாக இருந்தால் 'போய்யா' என்று சொல்லிவிட்டுப் போயிருப்பாள். மூன்று தலைமுறையாக மிஷன் சபையில் வளர்ந்த குடும்பம். ஆமென் என்றால் அவளுக்கு ஆமென்தான். பையைக் கீழே வைத்தாள். அன்றிலிருந்து வாய்விட்டு ஜெபிப்பதும் இல்லை, அவர் ஜெபத்துக்கு ஆமென் சொல்வதும் இல்லை.

இப்போது இந்த வேனைப் பார்த்ததும் பாவம், அவளுக்கு ஒரு வழி தெரிந்தது.

"வாசல மிதிக்கத்தான கூடாது? ரோட்டுல வண்டிய நிறுத்துங்க. புள்ளைய எட்த்துக்கினு அவளே வந்து இதுல ஏறட்டும். ரெண்டு நிமிஷம் மடியில வெச்சிக்கினு குட்த்துட்றேன்."

"பாக்கலாம்" என்றார் ஞானசிங். அவர் பாஷையில் அதற்கு இன்ன அர்த்தம் என்று கிடையாது. அவள் சரி என்றே எடுத்துக்கொண்டு, ஹன்னாவுக்குப் போன் போட்டுச் சொல்லியும்விட்டாள்.

புத்தூர், நாராயணவனம், சத்தியவேடு என்று வண்டி போனது. வழியெல்லாம் தபீதாள் பேசினாள். குழந்தைக்கு ராகி மாவு அரைத்து வைத்திருப்பதைச் சொன்னாள், கொசுவலையைத் தொட்டுப் பார்த்து "நல்லாத்தான் செஞ்சிக்கீறீங்க" என்றாள். ஞானசிங்குக்குத் தலைகால் புரியவில்லை. பழைய தபீதா வந்துவிட்டாள் என்றே நினைத்தார்.

சூளூர்பேட்டை ஹைவேயில் டீக்கடை ஓரமாக ஹன்னா நின்றிருந்தாள். இடுப்பில் சிவப்பு கவுன் போட்ட குழந்தை. அவர் கால் பிரேக்குக்குத்தான் போனது, பொய் சொல்லக்கூடாது. அப்போது பக்கத்தில் நின்றிருந்த பரணி, சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினான். அந்தக் கையைப் பார்த்ததும் கால் ஆக்சிலேட்டருக்கு மாறிவிட்டது.

"ஏங்க! ஏங்க, நிறுத்துங்க! தோ நிக்கிறாங்க!"

வண்டி நிற்கவில்லை. தபீதாள் பின்னால் ஓடி, கொசுவலையில் முகத்தை வைத்துப் பார்த்தாள். சிவப்பு கவுன் சின்னதாகி மறைந்தது. அப்புறம் அவள் முன்னால் வந்து உட்காரவே இல்லை.

ஹைவேயை விட்டிறங்கியதும் கடலோரச் சாலை என்று பேருக்கு ஒன்று இருந்தது. பாதியைப் புயல் அரித்திருந்தது, மிச்சம் மணலும் ஜல்லியும். குலுங்கிக் குலுங்கி ஒரு மீன்பிடிக் குப்பத்தின் கடைசியில், பஸ் திரும்புகிற இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார். கடல் ஓவென்று கத்திக்கொண்டு கரையைக் கடித்தது. அதைக் காட்டத்தானே இத்தனை பாடு! "கடலப் பாரு தபீதா" என்றார். அவள் பார்க்கவில்லை. அவருக்கும் அதன்மேல் இருந்த ஆசை விட்டுப்போனது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஜெபத்துக்கு முழங்கால் போட்டார்கள். கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவில் இருந்த சந்தில் தோளோடு தோள் இடித்தது. அவர் வாயைத் திறக்குமுன் தபீதாள் ஆரம்பித்தாள்.

"அன்பும் இரக்கமும் நிறைந்த பரம பிதாவே..."

எத்தனை நாளாயிற்று இந்தக் குரல் ஜெபித்துக் கேட்டு! ஞானசிங் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கண்ணீர் வழிந்தது. மன்னித்துவிட்டாள், கர்த்தர் பெரியவர் என்று உள்ளுக்குள் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே இருந்தார். குரலைக் கேட்டாரே ஒழிய வார்த்தையைக் கேட்கவில்லை. அவள் முடித்ததும் வண்டி அதிரச் சொன்னார்:

"ஆமென்!"

பிறகுதான் அவள் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக வந்து காதில் விழுந்தது. 'இவரோடு என்னை வைத்த வருஷங்களுக்காக ஸ்தோத்திரம். இன்றுமுதல் இவரை உம்முடைய கையில் ஒப்புக்கொடுக்கிறேன். அடியாள் என் மகளிடம் போகும்படி என் பழைய ஆமெனிலிருந்து என்னை விடுவியும். இவர் என்னைத் திரும்பக் கூப்பிடாதபடிக்கு இவர் வாயைக் காத்துக்கொள்ளும்.'

கண்ணைத் திறந்தார். தபீதாள் ராகி மாவுப் பொட்டலத்தைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"தபீதா, நான்... கவனிக்கல."

"நானும் அன்னிக்கு கவனிக்கல" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "இப்ப ரெண்டு பேரும் சேந்து கேட்டாச்சு. சோறு அடுப்பு மேல கீது. துன்னுங்க."

நாயுடுபேட்டை போகிற கடைசி பல்லெவெலுகு கிராமத்து பஸ் திரும்பி நின்றிருந்தது. அங்கே மாறினால் சூளூர்பேட்டை. "எக்கண்டம்மா, எக்கண்டி!" என்று ஏறச் சொல்லிக் கண்டக்டர் அவசரப்படுத்தினார். தபீதாள் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள். ஞானசிங் வேனின் படியில் நின்று வாயைத் திறந்தார். 'தபீதா' என்று ஒரு சொல்தான். வரவில்லை. அடுத்தவள் வார்த்தையைப் பிடித்துக் கட்டிப்போட்ட மனுஷன், தன் வார்த்தையை எப்படி அவிழ்ப்பான்?

பஸ் கிளம்பியது. அவர் ஓடிப்போய் ஸ்டியரிங்கைப் பிடித்தார். குண்டும் குழியுமான அந்தப் பாதையில் பின்னாலேயே விரட்டினார். கூப்பிடக் கூடாது, சரி. ஹாரன் அடிக்கலாமே! கை எடுக்காமல் அடித்தார்.

பஸ் டிரைவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, முந்திக்கொண்டு போ என்று சைகை காட்டினார். பஸ்ஸை மணலில் ஓரங்கட்டி வழியும் விட்டார். முன்சீட்டில் தபீதாளின் தலை திரும்பவில்லை.

ஞானசிங் முந்தவில்லை. பின்னால் நிறுத்திவிட்டு, ஹாரனிலிருந்து கையை எடுத்தார். பஸ் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.